மாடிச் சுவருக்கு எந்தக் கல்? தராசும் டேப்பும் சொன்னது

வீட்டுக்கு மேல் ஒரு மாடி எடுப்பது என்று முடிவானதும் ஆளுக்கு ஒரு கல்லைச் சொன்னார்கள். அப்பாவுக்குச் செங்கல்தான். மண்ணைச் சுட்டது, தலைமுறைக்கும் நிற்கும் என்பது அவர் கட்சி. மைத்துனர் தன் வீட்டை ஃபிளை ஆஷ் கல்லில் கட்டியவர். "சாம்பல்ல செய்யறது மாமா, லேசா இருக்கும், மாடிக்கு அதுதான் சரி" என்றார். மேஸ்திரிக்கு ஆறு அங்குல சாலிட் பிளாக் (ஓட்டையில்லாத கான்கிரீட் கல்) மேல் ஆசை, வேலை சீக்கிரம் ஓடும். கடைசியாக வந்து பார்த்த இன்ஜினியர் பழைய பிளானைப் புரட்டினார், கீழே போய்த் தூண்களின் அகலத்தை அளந்தார், பிறகு சொன்னார்: "மாடிக்குத் தாங்கும். ஆனா சுவர்ல வெயிட்டைக் குறைங்க. ஏஏசி பாருங்க." ஏஏசி என்பது உள்ளே காற்றுக் குமிழ் பொங்க வைத்து, நீராவியில் வேக வைத்த கான்கிரீட் கல்.

நால்வரும் எடையைப் பற்றித்தான் பேசினார்கள். ஒருவர்கூட எடை போட்டுப் பார்த்ததில்லை. எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது. மறுநாள் கடைகளில் ஏறி இறங்கி ஒவ்வொரு வகையிலும் ஒரு கல் வாங்கி வந்து திண்ணையில் வரிசையாக வைத்தேன். சேம்பர் சூளையில் சுட்ட செங்கல், ஃபிளை ஆஷ் கல், ஆறு அங்குல சாலிட் பிளாக், அதே அளவில் நடுவே ஓட்டை விட்ட ஹாலோ பிளாக், எட்டு அங்குல ஏஏசி பிளாக். காசு கொடுத்தபோது ஒரு கடைக்காரர் "ஒண்ணே ஒண்ணா?" என்று இரண்டு முறை கேட்டார்.

சின்னக் கற்களைச் சமையலறையில் கேக் செய்ய வாங்கிய டிஜிட்டல் தராசில் வைத்தேன். பெரியவற்றைத் தூக்கிக்கொண்டு நானே எடை மெஷினில் ஏறி, அப்புறம் என் எடையைக் கழித்தேன். டேப்பால் நீளம், அகலம், உயரம். இவ்வளவுதான் சாமான். எடையைக் கன அளவால் வகுத்தால் வருவது அடர்த்தி. ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீர் ஒரு கிராம், ஆக தண்ணீரின் அடர்த்தி 1. ஒரு கன மீட்டர் தண்ணீர் ஆயிரம் லிட்டர், அதாவது ஒரு டன். மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தலைக்கு மேலேயே நிற்கிறது. கல்லின் அடர்த்தி 2 என்று வந்தால், அதே அளவு தண்ணீரைவிட இரண்டு மடங்கு பாரம்.

செங்கல் 22 × 10.5 × 7 செ.மீ., எடை 2.7 கிலோ. வகுத்தால் 1.67. ஆனால் செங்கல்லின் தலையில் சூளைக்காரரின் எழுத்து பதிந்த பள்ளம் ஒன்று இருக்கிறதே, அதை எப்படிக் கணக்கில் எடுப்பது? பள்ளத்தில் பொடிமணலைக் கொட்டி மட்டமாக வழித்து, அந்த மணலைச் சமையலறை அளவுக் குவளையில் அளந்தேன். ஏறக்குறைய 45 மில்லி. அதைக் கழித்தால் சுட்ட மண்ணின் அடர்த்தி 1.72 என்று வருகிறது. ஒரே கல்லுக்கு இரண்டு விடை, இரண்டும் சரி. சுவருக்கு முதல் விடை போதும், ஏனென்றால் பள்ளத்தை எப்படியும் கலவை நிரப்பிவிடும்.

ஃபிளை ஆஷ் கல் 23 × 11 × 7.5, எடை 3.3 கிலோ. அடர்த்தி 1.74. மைத்துனருக்கு உடனே போன் போட்டேன். சாம்பல் கல், செங்கல்லைவிட ஒரு முடி கனம்தான்! அவர் நம்பவில்லை, தராசு சரியில்லை என்றார். தராசில் குற்றமில்லை. மேட்டூர், தூத்துக்குடி அனல் மின் நிலையங்களில் நிலக்கரி எரித்து மிஞ்சும் சாம்பல் பொடியாக இருக்கும்போது காற்றோடு காற்றாகப் பறக்கும், அதனால் லேசு என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது. அதையே எம்-சாண்டும் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) சிமென்டும் சேர்த்து ஹைட்ராலிக் மெஷினில் அழுத்தும்போது நடுவிலிருந்த காற்று வெளியே போய்விடுகிறது. ஃபிளை ஆஷ் கல்லுக்கு நல்ல குணங்கள் உண்டு: அளவு சீராக இருக்கும், பூச்சு குறைவாகப் பிடிக்கும், வயல் மண்ணைத் தோண்ட வேண்டியதில்லை. லேசு என்பது மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

சாலிட் பிளாக் 40 × 20 × 15, எடை 25.2 கிலோ, அடர்த்தி 2.1. இதைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறியபோது இடுப்பு ஒரு வார்த்தை சொன்னது. ஹாலோ பிளாக் வெளி அளவு அதேதான், எடை 15.6 கிலோ, அடர்த்தி 1.3. ஏஏசி 60 × 20 × 20, ஆளில் பெரியது, எடை 18.7 கிலோ. அடர்த்தி 0.78. தண்ணீரைவிடக் குறைவு.

குறைவு என்றால் மிதக்க வேண்டுமே. மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "கல்லு மிதக்கறதுக்கு இது என்ன ராமேஸ்வரமா சார்?" பாதியாக அறுத்த டிரம்மில் தண்ணீர் பிடித்து, இரண்டு வாரம் காயவிட்ட ஏஏசி பிளாக்கில் 20 × 20 × 10 அளவுக்கு ஒரு துண்டை ரம்பத்தால் அறுத்துப் போட்டோம். (ரம்பம்தான். மரம் அறுப்பது போலவே அறுபடும்.) மூன்றில் ஒரு பங்கு வெளியே தெரிய, கட்டுமரம் மாதிரி மிதந்தது. சித்தாள் அக்கா வந்து விரலால் அமுக்கிப் பார்த்தார், அமுங்கி மறுபடி எழுந்தது. மேஸ்திரி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மிதக்கற கல்லை வச்சு வீடு கட்டினா வெள்ளத்துல போயிடாதா?" என்றார். அது கிண்டல் என்றாலும் கேள்வி நல்ல கேள்வி, கீழே அதற்கு வருகிறேன்.

எல்லாம் ஒரே கல்தான், காற்றுதான் வேறு

இந்த ஐந்து கல்லையும் இடித்து மாவாக்கினால் கிடைக்கும் துகள்களின் அடர்த்தியில் பெரிய வித்தியாசம் இருக்காது. மணல் துகள் 2.65. சுட்ட களிமண் கிட்டத்தட்ட அதே அளவு. சாம்பல் துகள் கொஞ்சம் குறைந்து 2.2 பக்கம். தோராயமாக எல்லாமே இரண்டேகாலுக்கும் இரண்டே முக்காலுக்கும் நடுவேதான். அப்படியென்றால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வித்தியாசமெல்லாம் எங்கிருந்து வந்தது? உள்ளே எவ்வளவு காற்று இருக்கிறது என்பதிலிருந்து. செங்கல்லின் உடம்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காற்று. காய்ந்த ஏஏசியில் நான்கில் மூன்று பங்கு காற்று. சிமென்ட் மூட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள்: சிமென்ட் துகளின் அடர்த்தி 3.15, ஆனால் 50 கிலோ மூட்டை 35 லிட்டர் இடத்தை அடைக்கிறது, அதாவது 1.44. மூட்டைக்குள் பாதிக்கு மேல் காற்றுக்கும் சேர்த்துத்தான் இடம் விடுகிறோம்.

ஏஏசிக்குள் காற்று புகும் விதம் நம் அடுப்படிக்குப் புதிதல்ல. சாம்பல் அல்லது அரைத்த மணல், சுண்ணாம்பு, சிமென்ட், ஜிப்சம் எல்லாவற்றையும் தண்ணீரில் கரைத்து மாவாக்குகிறார்கள். அதில் துளியூண்டு அலுமினியப் பொடி. சுண்ணாம்பின் காரத்தோடு அலுமினியம் வினைபுரிந்து ஹைட்ரஜன் கிளம்ப, மாவு புளித்துப் பொங்குகிறது. பொங்கியதைக் கம்பியால் துண்டு போட்டு, பெரிய இரும்பு உருளைக்குள் தள்ளி, சுமார் 190 டிகிரி நீராவியில் பல மணி நேரம் வேக வைக்கிறார்கள். இட்லிதான், குக்கர் மட்டும் பெரிசு. ஹைட்ரஜன் வெளியேறிவிடும், அதன் இடத்தில் காற்று நிற்கும். 1920களில் சுவீடனில் கட்டடக் கலைஞர் ஜோஹன் ஆக்செல் எரிக்சன் உருவாக்கிய முறை இது. மரத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, மரம் போல அறுக்கலாம், ஆனால் எரியாது, மக்காது என்று ஒரு பொருளைத் தேடியதில் பிறந்தது.

ஹாலோ பிளாக்கிலும் காற்று இருக்கிறது, ஆனால் அது வேறு கதை. அதன் கான்கிரீட்டின் அடர்த்தி சாலிட் பிளாக்கைப் போலவே 2.1தான். நடுவில் இரண்டு பெரிய ஓட்டை, அதனால் மொத்தத்தில் 1.3. ஒன்று இட்லி என்றால் மற்றது மெதுவடை. வடையின் மாவு லேசாகிவிடவில்லை, ஓட்டைதான் எடையைக் குறைத்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆணி அடிக்கும்போதும் சத்தம் கேட்கும்போதும் இந்த வேறுபாடு தெரியும். கான்கிரீட் கல்லுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 2185-இல் ஹாலோ பிளாக்கின் அடர்த்தியை ஓட்டையையும் சேர்த்தே கணக்கிடுகிறார்கள். ஒரு கன மீட்டருக்கு 1,500 கிலோவும் மேலும் இருந்தால் ஏ கிரேடு, 1,100 முதல் 1,500 வரை பி கிரேடு, சாலிட் என்றால் குறைந்தது 1,800.

கல்லை விடுங்கள், சுவரைப் பாருங்கள்

ஒரு கல்லின் அடர்த்தியை மட்டும் வைத்து முடிவெடுத்தால் ஏமாந்துபோவோம். சுவரின் தடிமனும் நடுவில் போகும் கலவையும் சேர வேண்டும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் ஏறக்குறைய கால்வாசி கலவை. அதன் அடர்த்தி 2.1, அதனால் 1.67 கல்லில் கட்டிய சுவர் 1.8 ஆகிவிடுகிறது. (இன்ஜினியர்கள் கணக்கில் செங்கல் சுவருக்கு 1.9, 2 என்று எடுத்துக்கொள்வார்கள், பாதுகாப்புக்கு அதுதான் முறை.) ஏஏசிக்கு வாளியில் கலக்கும் ஒட்டுக்கலவை, மூன்று மி.மீ. இணைப்பு. அது கணக்கில் வராத அளவு.

பத்தடி உயரச் சுவர், ஓடும் அடி ஒன்றுக்கு (அதாவது நீளவாக்கில் ஒரு அடிக்கு), பூச்சு இல்லாமல் என் கணக்கு இப்படி வந்தது:

9 அங்குல ஃபிளை ஆஷ்: 392 கிலோ
9 அங்குல செங்கல்: 385 கிலோ
6 அங்குல சாலிட்: 293 கிலோ
6 அங்குல ஹாலோ: 190 கிலோ
8 அங்குல ஏஏசி, காய்ந்த பின்: 130 கிலோ

இரண்டு பக்கமும் பூசினால் எல்லாவற்றுக்கும் இன்னொரு 50 கிலோ கூடும்.

இந்தப் பட்டியலில் என்னை முதலில் உட்கார வைத்தது மூன்றாவது வரி. கையில் தூக்கினால் சாலிட்தான் எல்லாவற்றிலும் கனம், அடர்த்தியிலும் அதுவே முதல். ஆனால் சுவராகும்போது செங்கல்லைவிட அடிக்குத் தொண்ணூறு கிலோ குறைகிறது. காரணம் வேறொன்றுமில்லை, ஒன்பது அங்குலம் ஆறாகிவிட்டது. மேஸ்திரி வேலை வேகத்துக்காகச் சொன்ன கல், எடைக் கணக்கிலும் அப்பாவின் செங்கல்லை வென்றுவிட்டது. அதை அவரிடம் சொன்னபோது, முதலிலிருந்தே தெரியும் என்பது போல் தலையாட்டினார்.

எங்கள் மாடி 24க்கு 32 அடி. வெளிச்சுவர் 112 ஓடும் அடி, ஜன்னல் கதவு கழித்தால் 95 என்று வைத்துக்கொள்ளலாம். செங்கல் என்றால் வெளிச்சுவர் மட்டும் 36 டன்னுக்கு மேல். சாலிட் 28. ஹாலோ 18. ஏஏசி 12 டன் சொச்சம். செங்கல்லுக்கும் ஏஏசிக்கும் இடையே 24 டன். பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரி இரண்டில் இருக்கும் தண்ணீரை மாடியில் கொட்டி வைத்தது போல. இன்னொரு விதமாகவும் பார்க்கலாம்: அந்த மாடிக்குப் போடப் போகும் ஐந்து அங்குல கான்கிரீட் சிலாப், கம்பியோடு சேர்த்து, அடர்த்தி 2.5 என்று வைத்தால் 22 டன். சுவர்க்கல்லை மாற்றினால் மிச்சமாவது முழுக் கூரையின் எடையைவிட அதிகம்.

பழைய தூண், பழைய அஸ்திவாரம். அதனால் இந்த 24 டன் எங்களுக்குப் பெரிய விஷயம். புதிதாக மண்ணிலிருந்து கட்டுகிறவருக்கு இது இவ்வளவு முக்கியம் இல்லை. தரைத்தள வீட்டில், நல்ல மண்ணில், சுவரே பாரம் தாங்கும் கட்டுமானம் என்றால் நான் செங்கல்லையே சொல்வேன். அங்கே எடை எதிரி அல்ல.

லேசு என்றால் சொத்தையா?

அப்பாவின் கேள்வி இது. பாதி நியாயமான கேள்வி. ஏஏசியின் அழுத்தத் தாங்குதிறன் ஒரு சதுர மி.மீ.க்கு மூன்று, நான்கு நியூட்டன். ஐ.எஸ். 2185 மூன்றாம் பாகம் அடர்த்தி வாரியாகவே இதைப் பிரிக்கிறது: 551 முதல் 650 கிலோ வகுப்புக்கு முதல் தரத்தில் 4, இரண்டாம் தரத்தில் 3. அடர்த்தி ஏற ஏற பலமும் ஏறும், 851 முதல் 1,000 வரை போனால் 7. ஒரே வகைப் பொருளுக்குள் கனமானது பலமானது என்பது சரிதான்.

வகை மாறினால் அந்த விதி செல்லாது. தேக்கு மரத்தின் அடர்த்தி 0.65 அளவில், அதாவது காய்ந்த ஏஏசிக்குச் சமம். தேக்கு உத்திரம் அரண்மனைக் கூரையைத் தாங்கும், ஏஏசியை உத்திரமாகப் போட்டால் அன்றைக்கே முறியும். அடர்த்தி எடையைச் சொல்லும். பலத்தைச் சொல்லுமா என்று அதையே கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

இன்னொன்று, சுவர்க்கல்லுக்கு எவ்வளவு பலம் தேவை? பத்தடி செங்கல் சுவர் தன் எடையால் அடிக்கல்லுக்குக் கொடுக்கும் அழுத்தம் சதுர மி.மீ.க்கு 0.05 நியூட்டன்தான். தூணும் பீமும் உள்ள வீட்டில் கூரையை அவை பார்த்துக்கொள்கின்றன, சுவர் தன்னைத்தானே தாங்கினால் போதும். அந்த வேலைக்கு 3 நியூட்டன் கல்லும் தாராளம், 10 நியூட்டன் கல்லும் தாராளம். கடையில் "சார் இது பத்து நியூட்டன்" என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால், எங்கள் மாதிரி மாடிக்கு அது காசுக்குப் பிடித்த கேடு.

டிரம்மில் விட்ட துண்டு

மிதந்த துண்டை அப்படியே டிரம்மில் விட்டுவிட்டோம். போடும்போது எடை 2.6 கிலோ, அடர்த்தி 0.65. மறுநாள் காலை பார்த்தால் விளிம்பு மட்டும் அரை செ.மீ. உயரத்துக்குத் தெரிந்தது. எடுத்து வழியவிட்டு நிறுத்தினால் 3.8 கிலோ. அடர்த்தி 0.95. ஒரு ராத்திரியில் ஒன்றே கால் லிட்டர் அளவு தண்ணீர் குடித்திருக்கிறது, தன் எடையில் பாதியை நெருங்கி. பக்கத்திலேயே முக்கி வைத்த செங்கல் 2.7லிருந்து 3.1 ஆகியிருந்தது, 15 சதவீதம். செங்கல்லுக்குத் தர நிர்ணயம் 20 சதவீதம் வரை அனுமதிக்கிறது, அதனால் கல் நல்ல கல். சாலிட் பிளாக் 25.2லிருந்து 26.6, ஐந்தரை சதவீதம்.

மேஸ்திரியின் வெள்ளக் கேள்விக்கு இதுதான் பதில். ஏஏசி சுவர் மிதந்து போகாது, ஒட்டிக் கட்டிப் பூசியாயிற்று. ஆனால் தண்ணீர் தொடர்ந்து பட்டால் குடித்துக்கொண்டே இருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஏஏசி விளம்பரத் தாளில் அடர்த்தி 551 முதல் 650 என்று போட்டிருந்தது. அது அடுப்பில் முழுக்கக் காய வைத்த அளவு. லாரியில் வந்து இறங்கிய கல் 780, ஏனென்றால் நீராவியில் வெந்த ஈரம் உள்ளேயே இருக்கிறது. இரண்டு வாரம் காய்ந்த பிறகு அதே கல் 15.8 கிலோ, 660. நனைந்தால் 950. ஒரே கல்லுக்கு நான்கு அடர்த்தி. பீமுக்குக் கணக்குப் போடும்போது விளம்பர எண்ணை எடுக்கக் கூடாது என்று இன்ஜினியர் சொன்னதன் அர்த்தம் எனக்கு அந்த டிரம் பக்கத்தில் நின்றபோதுதான் புரிந்தது. அவர் எங்கள் மாடிக்கு எடுத்துக்கொண்ட அளவு 800.

தராசால் இன்னொரு லாபமும் கிடைத்தது. ஒரு இடத்தில் ஏஏசி என்று சொல்லி, விலையும் குறைத்துச் சொன்னார்கள். கல் சாம்பல் நிறத்தில், ஓரம் மழுங்கி இருந்தது. 60 × 20 × 15 கல் 18 கிலோ, அடர்த்தி சரியாக 1. அது நுரை கான்கிரீட், சி.எல்.சி. என்பார்கள். சிமென்ட் குழம்பில் நுரையை அடித்துக் கலந்து, நீராவி வேக்காடு இல்லாமல் சாதாரணமாகக் காய விடுவது. அதை அதன் பெயரிலேயே விற்றால் குற்றமில்லை. சரியாகக் காயாமல் கட்டினால் பின்னால் சுருங்கி விரிசல் விடும். டேப்பும் எடை மெஷினும் கையில் இருந்ததால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

வெயில், சத்தம், ஆணி

எங்கள் மாடியின் படுக்கையறை மேற்குப் பார்த்தது. கீழ்வீட்டிலும் அதே பக்கம் ஒரு அறை இருக்கிறது. சித்திரையில் ராத்திரி ஒன்பது மணிக்கு அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்தால் தோசைக்கல்லில் சாய்ந்தது போலிருக்கும். இதுவும் அடர்த்தியின் வேலைதான். இந்தக் கற்கள் எல்லாமே ஒரு கிலோவுக்கு ஒரு டிகிரி சூடேற வாங்கும் வெப்பம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆக, எடை கூடிய சுவர் பகலெல்லாம் அதிக வெப்பத்தைச் சேர்த்து வைத்து ராத்திரி நம் மேல் விடுகிறது. ராத்திரி நன்றாகக் குளிரும் ஊரில் அது வரம். ராத்திரியும் புழுங்கும் நம் கடலோரப் பகுதிகளில் அப்படிச் சொல்ல முடியாது.

காற்று வெப்பத்தை அவ்வளவாகக் கடத்தாது என்பதால் எட்டு அங்குல ஏஏசி, ஒன்பது அங்குலச் செங்கல்லைவிட மூன்று மடங்குக்கு மேல் வெப்பத்தைத் தடுக்கும். சாலிட் பிளாக் இந்த ஒரு விஷயத்தில் படுமோசம். ஆறு அங்குல சாலிட் சுவர் செங்கல் சுவரில் மூன்றில் ஒரு பங்குகூடத் தடுப்பதில்லை. வேலை வேகம், எடைக் குறைவு என்று அதுவரை சாலிட் பக்கம் சாய்ந்திருந்த என்னை இழுத்துப் பிடித்தது இதுதான். ஒரு எச்சரிக்கை: மாடி வீட்டில் பாதி வெயில் கூரை வழியாகத்தான் இறங்கும். சுவரை ஏஏசியில் கட்டிவிட்டு, மேலே வெயிலைத் தடுக்கும் தளம் போடாமல் வெறும் சிலாப்பாக விட்டால் பெரிய பலன் எதிர்பார்க்க முடியாது.

சத்தத்தில் கதை தலைகீழ். சத்தத்தைத் தடுப்பது பாரம். சுவரின் எடை இரண்டு மடங்கானால் ஐந்தாறு டெசிபல் குறையும். நான்கு அங்குல ஏஏசி தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் டி.வி. ஓடினால் இந்தப் பக்கம் வசனம் கேட்கும். படிக்கிற பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும்.

ஆணி விஷயம் சுருக்கமாக. ஏஏசியில் சாதாரண ஆணி இரண்டு மாதத்தில் ஆடும், நீளமான பிளாஸ்டிக் பிளக் வைத்த திருகு வேண்டும். ஹாலோவில் ஓட்டையில் மாட்டினால் திருகு சும்மா சுற்றும். தண்ணீர் நிறைந்த 15 லிட்டர் ஹீட்டர் 25 கிலோவைத் தொடும், அதை ஏஏசியில் மாட்ட வேண்டுமானால் சுவரை ஊடுருவிப் போகும் போல்ட்தான். மின்விசிறியும் தொட்டில் கொக்கியும் சிலாப்பில் மாட்டுபவை, அவற்றுக்குக் கவலையில்லை.

விலையைப் பொறுத்தவரை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும், அதனால் ரூபாய்க் கணக்கை இங்கே தரவில்லை. ஒப்பிடும் முறையை மட்டும் சொல்கிறேன். கல் ஒன்றின் விலையைக் கேட்காதீர்கள். நூறு சதுர அடி சுவருக்கு ஒன்பது அங்குலச் செங்கல் ஆயிரம் வேண்டும், சாலிட் பிளாக் 116, ஏஏசி 77. அந்த எண்ணிக்கையால் பெருக்கி, கலவை, கூலி, மாடிக்கு ஏற்றும் கூலி மூன்றையும் சேர்த்தால் வருவதுதான் விலை. ஏற்றும் கூலியைப் பலர் மறக்கிறார்கள். வெளிச்சுவரின் முப்பத்தாறு டன்னும் கல்லும் கலவையுமாக யாரோ ஒருவர் தலையில் ஏறித்தான் மாடிக்குப் போக வேண்டும்.

என்ன முடிவெடுத்தோம்

ஒரே கல்லில் முழு மாடியையும் கட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இந்த யோசனை வந்ததும் திண்ணைச் சண்டை பாதி அடங்கிவிட்டது.

வெளிச்சுவர் நான்கும் எட்டு அங்குல ஏஏசி. 24 டன்னும் மேற்கு வெயிலும் அதைத் தீர்மானித்தன. குளியலறைச் சுவர்கள் அப்பாவின் செங்கல், நாலரை அங்குலம். தினமும் தண்ணீர் படும் இடத்தில், ஹீட்டர் தொங்கும் இடத்தில், ராத்திரியில் பாதி எடை தண்ணீர் குடிக்கும் கல்லை வைக்க எனக்கு மனசு வரவில்லை. பூச்சும் நீர்த்தடுப்பும் ஒழுங்காகச் செய்தால் ஏஏசியே போதும் என்பவர்கள் உண்டு, அவர்கள் சொல்வது தவறில்லை. ஆனால் ஒழுங்காகச் செய்கிறார்களா என்று நாள் முழுக்க நின்று பார்க்க எனக்கு லீவு கிடையாது. பிள்ளைகள் படிக்கும் அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் நான்கு அங்குல சாலிட். பாரம்தான், பதினைந்து அடி நீளத்துக்கு மூன்று டன் கிட்ட வரும், ஆனால் அதற்கு நேர் கீழே பீம் ஓடுகிறது என்று இன்ஜினியர் பார்த்துச் சொன்ன பிறகுதான் வைத்தோம். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரும் சாலிட்தான், மழையில் இரண்டு பக்கமும் நனைகிற சுவர் அது. வேறு வேறு கல் சந்திக்கிற இடத்திலெல்லாம் பூச்சுக்கு முன் கண்ணாடி இழை வலை ஒட்டச் சொன்னார் இன்ஜினியர். ஒன்று சுருங்கும் அளவு இன்னொன்று சுருங்காது.

ஃபிளை ஆஷும் ஹாலோவும் எங்கள் கணக்கில் இடம் பிடிக்கவில்லை. ஃபிளை ஆஷ் செங்கல்லின் இடத்தை எடுத்துக்கொள்ளக்கூடியதுதான், அப்பா முன்னால் அந்தப் பேச்சை எடுக்க முடியவில்லை. ஹாலோ சுற்றுச்சுவருக்கு நல்ல கல், எடையும் விலையும் குறைவு. வீட்டுச் சுவரில் ஓயாமல் ஏதாவது மாட்டும் குடும்பம் எங்களுடையது.

ஒரு தவறு நடந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். ஏஏசி லோடு வந்து இறங்கிய அன்று சாயங்காலம் தார்ப்பாய் போடாமல் விட்டுவிட்டோம். ராத்திரி மழை. காலையில் மேல் வரிசைக் கல் ஒன்றைத் தூக்கி நிறுத்தினேன்: 22 கிலோ. வந்தபோது இருந்ததைவிட மூன்று கிலோவுக்கு மேல் கூடுதல். நான் அன்று அலுவலகம் கிளம்பும் அவசரம், வேலையும் நிற்கக் கூடாது என்று அதையே கட்டச் சொல்லிவிட்டேன். வடக்குச் சுவரில் பூச்சு முடிந்து ஒன்றரை மாதத்தில் கிடைமட்டமாக, ஒட்டுக்கலவை போன கோட்டிலேயே, முடி அளவு விரிசல் இரண்டு. கல் உள்ளே காய்ந்து சுருங்கியதன் அடையாளம். மீதி மூன்று சுவருக்கும் கல்லை அடுக்கி, மேலே மூடி, பக்கம் திறந்து விட்டு, எடை 16 கிலோவுக்குக் கீழே இறங்கிய பிறகே எடுத்தோம். தினமும் காலையில் ஒரு கல்லோடு எடை மெஷினில் ஏறி இறங்கும் வேலையை மேஸ்திரியே எடுத்துக்கொண்டார். அவருடைய சொந்த எடை 64 கிலோ என்று செங்கல் துண்டால் தூணில் எழுதி வைத்திருந்தார், கழிப்பதற்கு வசதியாக.